ஒரு நூலுள் அடங்கும் உலகம்

உலக வரலாறு முழுவதையும் ஒரே நூலில் அடக்கிவிட இயலுமா என்று வினவினால், வரலாற்றுப் பேராசிரியர் இயலாது என்பார். அத்தகைய நூல் ஒன்று வேண்டுமா என்று பொதுவாசகரை வினவினால், கட்டாயம் வேண்டும் என்பார். இவ்விரு விடைகளும் உண்மையே. இவ்விரண்டிற்கும் இடையேதான் கடந்த ஒரு நூற்றாண்டாக ஒரு தனி நூல்வகை தழைத்து வளர்ந்துள்ளது. எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘வரலாற்றின் உருவரை’ (1920), வான் லூன் எழுதிய ‘மனித குலத்தின் கதை’ (1921), சவாகர்லால் நேருவின் ‘உலக சரித்திரம்’ (1934), கோம்பிரிக் இளையோர்க்கென எழுதிய சிறிய உலக வரலாறு (1935), அண்மைக் காலத்தில் யுவால் நோவா ஹராரி எழுதிய ‘சேப்பியன்ஸ்’ (எபிரேய மொழியில் 2011, ஆங்கிலத்தில் 2014) ஆகியவை இவ்வகையில் பெரும் புகழ் பெற்றவை. இவற்றின் ஆற்றல் எங்கே உள்ளது, இவற்றைப் படிப்போர் எங்கே விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு தனித் தேவையாகவும் உள்ளது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பயிலும் நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வரலாறு ஒன்று. வீட்டில் பாட்டனார் வாயிலாகக் கேட்கும் வரலாறு வேறொன்று. இரண்டையும் இணைத்துப் பார்க்க அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இத்தகைய ஒரு நூலே. அந்நூலில் இடம்பெற்றது நிகழ்ந்தது என்றும், இடம்பெறாதது நிகழவே இல்லை என்றும் இளம் உள்ளம் எளிதில் கொண்டுவிடும். ஆகவே எந்த நூலைக் கையில் கொடுப்பது என்பதோடு, அதனை எவ்வாறு படிக்கக் கற்பிப்பது என்பதும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

இணைத்துக் காணும் ஆற்றல்

முதலில் இந்நூல்களின் சிறப்பை மனமாரப் பாராட்ட வேண்டும். வெல்ஸ் தம் நூலை 1919 நவம்பர் முதல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கியபோது, முதல் உலகப் போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. ஒவ்வொரு நாட்டுப் பிள்ளையும் தன் நாட்டு வரலாற்றை மட்டுமே படித்து வளர்ந்ததன் விளைவுகளுள் அப்போரும் ஒன்று என்பது அவர் கருத்து. எனவே அரச மரபுகளிலிருந்து தொடங்காமல், ஞாயிற்றிலிருந்து புவி பிரிந்ததாகக் கருதப்பட்ட காலத்திலிருந்து அவர் தொடங்கினார். உயிர்களின் தோற்றம், மனிதனின் தோற்றம், வேளாண்மை, எழுத்து, சமயம், பேரரசு என்று ஒரே நீரோட்டமாக வரலாறு அங்கே ஓடியது. புதின ஆசிரியரும் உயிரியல் பயின்றவருமான அவர் வரலாற்றுத் துறையினர் அல்லர். ஆயினும் துறையினர் துணியாத ஒன்றைச் செய்தார். மனித குலம் முழுவதற்கும் பொதுவான கதை ஒன்று உண்டு என்னும் எண்ணத்தை இலட்சக்கணக்கான இல்லங்களுக்குள் கொண்டு சேர்த்தார்.

நேருவின் நூல் இதே எண்ணத்தின் இந்தியக் கிளை எனலாம். வெல்ஸின் செல்வாக்கை அவரே தம் முன்னுரையில் ஒப்புகிறார். 1930 அக்டோபரில் நைனிச் சிறையிலிருந்து, பதின்மூன்றாம் வயதில் அடியெடுத்து வைத்த மகள் இந்திராவுக்கு எழுதத் தொடங்கி, 1933 ஆகஸ்டில் முடித்த 196 மடல்களின் தொகுப்பு அது. சிறையிலிருந்து உலக வரலாறு எழுதியவர் அவருக்கு முன்னும் உண்டு. இலண்டன் கோட்டையில் சிறைப்பட்டிருந்த வால்டர் இராலி எழுதிய உலக வரலாறு 1614-இல் வெளிவந்தது. ஆனால் அது உரோமர் மாசிடோனியாவை வென்ற காலத்தைத் தாண்டவில்லை. நேருவோ தம் காலம் வரை வந்து சேர்ந்தார். கையில் நூலகம் இல்லை. குறிப்பேடுகளும் நினைவுமே துணை. இக்குறைபாடே அவர் நூலுக்கு ஒரு நன்மையாகவும் அமைந்தது. நூல்களைக் கண்டு ஒவ்வொரு செய்தியையும் நிரப்ப இயலாத நிலையில், ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்றது என்பதையே அவர் மனம் நாடியது. சீனத்தில் ஒன்று நிகழும்போது உரோமில் என்ன நிகழ்ந்தது, அப்போது இந்தியா எந்நிலையில் இருந்தது என்று மகளை உடன் அழைத்துச் செல்கிறார். தேர்வுக்கான பாடநூல் எதுவும் இப்பயிற்சியை அளிப்பதில்லை.

ஓர் ஆசிரியரின் ஒரே குரல் நூல் முழுவதையும் தாங்கி நிற்பதே இந்நூல்வகையின் உயிர்நிலை. இருபது அறிஞர் கூடி எழுதும் பெருந்தொகுதிகளில் செய்தி மிகும்; ஆனால் நோக்கு சிதறும். ஒருவர் எழுதுமிடத்து, அவர் எதனை முதன்மையாகக் கருதுகிறார் என்பது நமக்குத் தெளிவாகிறது.

நடையின் மயக்கம்

இச்சிறப்பே இந்நூல்களின் முதற் குறைக்கும் பிறப்பிடம். நடை இடையறாது ஓடும்போது, எது சான்றால் நிறுவப்பட்டது, எது அறிஞர்களிடையே வழக்கில் உள்ளது, எது ஆசிரியரின் ஊகம் என்னும் வேறுபாடு மறைந்துபோகிறது. துணியில் தையல் தெரியாமல் தைப்பது தையற்காரருக்குத் திறமை. வரலாற்றில் தையல் தெரியாதிருத்தல் வாசகருக்கு இடர்.

இதற்குப் ‘பில்ட்டவுன் மனிதன்’ செய்தி தக்க சான்றாகும். இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னும் இடத்தில் 1912-இல் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட மண்டையோட்டுத் துண்டுகளும் தாடையும், மனிதனுக்கும் குரங்கிற்கும் இடைப்பட்ட மூதாதையின் எச்சங்கள் என்று புகழ்பெற்றன. அம்மூதாதைக்கு வெல்ஸின் நூலிலும் இடம் கிடைத்தது. அது திட்டமிட்டுச் செய்த மோசடி என்பதும், மனித மண்டையோட்டோடு உராங்குட்டான் குரங்கின் தாடையைச் சேர்த்துச் சாயமேற்றி வைத்தனர் என்பதும் 1953-இல்தான் வெளிப்பட்டன. ஆனால் இங்கே வெல்ஸுக்கு உரிய பெருமையையும் குறிப்பிட வேண்டும். அத்தாடை மனிதக் குரங்கினுடையதாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கொண்ட ஐயத்தை அவர் மறைக்கவில்லை, நூலிலேயே எடுத்துரைத்தார். அது மட்டுமன்று. எர்னெஸ்ட் பார்க்கர், கில்பர்ட் மர்ரே முதலிய அறிஞர்கள் அவர் கையெழுத்துப் படியைப் படித்து உதவினர். அவர்கள் தம்மோடு முரண்பட்ட இடங்களை அடிக்குறிப்புகளாக நூலிலேயே அச்சிட்டார் வெல்ஸ். படிப்பவர் மேலே ஆசிரியர் கூற்றையும் கீழே மறுப்பையும் ஒருங்கே காணலாம். பொதுமக்களுக்கான நூல் ஒன்றில் இத்துணை நேர்மை அரிதாகக் காணப்படுவது. 1922-இல் அவர் வெளியிட்ட சுருக்க நூலில் இவ்வடிக்குறிப்பு விவாதங்களுக்கு இடமில்லாமற் போயிற்று. படிப்பதற்கு அது எளிது. எனினும் ஐயுறக் கற்பிப்பதில் மூல நூலே மேலானது.

பக்கங்களின் பங்கீடு

இரண்டாவது குறை, பக்கங்களைப் பங்கிடுவதில் நேர்வது. எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு பக்கம் தர எவராலும் ஆகாது. தேர்ந்தெடுத்தல் தவிர்க்க முடியாதது. ஆனால் தேர்வுக்கு ஒரு நெறி வேண்டும். வான் லூனின் நூல் அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்திற்கான நியூபெரி பதக்கத்தை 1922-இல் முதன்முதலாகப் பெற்ற நூல். அவரே வரைந்த படங்களோடு, நகைச்சுவை ததும்ப எழுதப்பட்டது. அறுபதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் கொண்ட அந்நூலில் இந்தியாவும் சீனமும் முதன்மை பெறும் அதிகாரம், புத்தரையும் கன்பூசியசையும் பற்றிய ஒன்றே. ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தத்தை ஒட்டி, கதையின் இடைப்பகுதியில், வழியிற் சந்தித்த விருந்தினரைப் போல இருவரும் வந்து போகின்றனர். இங்கே குறை பக்க எண்ணிக்கையில் மட்டும் இல்லை. கிழக்கு நாடுகள் கதையில் பங்கு கொள்ளாமல், கதைக்கு ஓர் அணியாக மட்டும் நிற்பதே பெருங்குறை.

உலகனைத்தையும் எழுதும் முயற்சியும் மேற்குலகிற்கு மட்டும் உரியதன்று. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் மங்கோலிய அரசரின் அமைச்சராக விளங்கிய இரஷீத் அல்-தீன், சீனர், இந்தியர், யூதர், ஐரோப்பியர் ஆகியோர் வரலாறுகளை ஒரே பெருநூலில் தொகுத்தார் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

வெல்ஸ் அசோகரைப் போற்றிய அதிகாரம் நம்மவர் பலரும் அறிந்தது. போரில் வென்றபின் போரையே கைவிட்ட மன்னன் என்று அவர் அசோகரை உலக அரசர்களுக்கெல்லாம் மேலே வைத்தார். அப்புகழ் தகும். ஆயினும் அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் அவர் அறத்தை மட்டும் கூறவில்லை. பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு, அவர் தம் அறச் செய்தி சென்றதாகக் கூறும் நாடுகளின் வரிசையில் மேற்கே கிரேக்க அரசர் ஐவரையும் தெற்கே சோழரையும் பாண்டியரையும் ஒரே மூச்சில் குறிப்பிடுகிறது. மாசிடோனியா முதல் தமிழகம் வரை ஒரு கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. தனி மனிதரின் பெருமையை நாடும் ஆசிரியர்க்கு அக்கல்வெட்டு ஒரு மன்னனின் மனமாற்றமாகத் தெரிகிறது. நாடுகளின் தொடர்பை நாடுபவர்க்கு அதுவே ஓர் உலகப் படமாகத் தெரியும். சான்று ஒன்றே, நோக்குதான் வேறு.

இதே நோக்கில் இன்னும் இரண்டு கல்வெட்டுகளைக் காண்போம். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. தமிழ் வணிகர் வாழ்ந்த அந்நகரில் சிவன் கோயில் எழுப்பப்பட்ட செய்தியை அது கூறுகிறது. அடுத்தது, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409-ஆம் ஆண்டைக் குறித்து இலங்கையில் நிறுவிய கல். இது 1911-இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்த இக்கல்வெட்டில், சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கும் காணிக்கை அளித்ததைக் கூறுகின்றன. சீனத்திலிருந்து வந்த ஒரு படைத்தலைவர் இந்துமாக்கடலில் தமிழைத் தவிர்க்க இயலாத மொழியாகக் கண்டார் என்பது இதனால் விளங்கும். போர்த்துகீசியர் வருகைக்கு முன் இக்கடலில் வரலாறே இல்லை என்பதுபோல் 1498-இல் தொடங்கும் நூல்களுக்கு இக்கல் ஒன்றே தக்க மறுமொழி.

நேரு இவ்வகையில் மற்றவரினும் மேம்பட்டு நிற்கிறார். தென்னிந்தியா வடக்கினும் மேலோங்கி நின்ற காலத்திற்கெனத் தனி மடல் எழுதினார். தென்கிழக்காசியாவின் அங்கோர், ஸ்ரீவிஜயம் ஆகியவற்றுக்கும் இடமளித்தார்.

ஒரே திறவுகோல்

மூன்றாவது குறை, ஒரே கருத்தால் எல்லாப் பூட்டுகளையும் திறக்க முயல்வது. நீண்ட கதைக்கு ஒரு சரடு வேண்டும்; சரடு இன்றேல் நூல் செய்திக் குவியலாகிவிடும். ஆனால் சரடே மணிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும்போது இடர் விளைகிறது. வெல்ஸுக்கு வரலாறு முழுவதும் உலகப் பொதுவரசு ஒன்றை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அவ்வழிக்கு உதவியோர் அவர் நூலில் உயர்ந்தனர். இடையூறு செய்தோர் தாழ்ந்தனர். நூல் முற்றுப்பெற்று இருபது ஆண்டு நிறையுமுன் 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

ஜேரெட் டயமண்ட் 1997-இல் வெளியிட்ட ‘துப்பாக்கிகள், கிருமிகள், எஃகு’ என்னும் நூலை நோக்குக. 1532-இல் பெரு நாட்டின் கஹமார்காவில் 168 இசுபானியர், பல்லாயிரம் வீரர் சூழ இருந்த இன்கா மன்னன் அத்தஹுவால்பாவைச் சிறைப்பிடித்தது எவ்வாறு என்று அவர் வினவுகிறார். இனத்தின் உயர்வு தாழ்வு காரணமன்று. பயிராக்கத் தக்க செடிகள், பழக்கத் தக்க விலங்குகள், அவற்றோடு பரவிய நோய்கள், கண்டங்களின் கிடக்கை ஆகியவையே காரணம் என்பது அவர் விடை. இனவெறிக்கு அறிவியல் வழியில் அளித்த நல்ல மறுப்பு இது. ஆயினும் ஒரே பெருநிலத்தில் இருந்த சீனமும் ஐரோப்பாவும் ஏன் வெவ்வேறு வழியில் சென்றன என்னும் வினாவை அவர் முடிவுரையில்தான் எடுத்துக்கொள்கிறார். நிலமும் விலங்கும் பேசும் அந்நூலில் மனிதர் எடுத்த முடிவுகள் மெல்லிய குரலிலேயே ஒலிக்கின்றன.

ஹராரியின் நூல் தமிழிலும் வந்து பலர் கையில் தவழ்கிறது. கண்ணுக்குப் புலனாகாத பொதுநம்பிக்கைகளே பெருங்கூட்டமாக மனிதர் ஒத்துழைக்கக் காரணம் என்னும் அவர் கருத்து சிந்தனையைத் தூண்டுவது. பணமும் நாடும் சட்டமும் அவ்வாறு நிற்பவையே என்று அவர் காட்டுமிடம் இளைஞரைக் கவர்வதில் வியப்பில்லை. ஆனால் வேளாண்மை மனிதனுக்கு நேர்ந்த பெரும் ஏமாற்று என்றும், மனிதன் கோதுமையைப் பழக்கவில்லை, கோதுமையே மனிதனைப் பழக்கிற்று என்றும் அவர் கூறும்போது நாம் சற்று நிற்க வேண்டும். வேளாண்மை ஒரே நாளில் ஓரிடத்தில் தோன்றியதன்று. உலகின் பல பகுதிகளில், வெவ்வேறு காலத்தில், நெல்லும் சோளமும் கிழங்குமாகத் தோன்றியது. உழவும் வேட்டையும் காய்கனி திரட்டலும் பல்லாயிரம் ஆண்டுகள் ஒருங்கே நடந்த இடங்கள் உண்டு. தொடக்ககால உழவரின் உடல்நலம் பல இடங்களில் குன்றியதற்கு எலும்புச் சான்றுகள் உள்ளன என்பது மெய். அதனை ஓர் ஏமாற்று என்று முடிப்பது சான்றைத் தாண்டிய சொல்லாட்சி. நினைவில் நிற்கும் தொடர் எல்லாம் நிறுவப்பட்ட உண்மை ஆகிவிடாது.

திருந்தும் நூல்களே சிறந்தவை

இக்குறைகளிலிருந்து மீள வழியே இல்லையோ என்று ஐயுற வேண்டா. நல்லாசிரியர்கள் தாம் கட்டிய கதையைத் தாமே திறந்து பார்த்துள்ளனர். சிந்துவெளி நாகரிகத்தின் கண்டுபிடிப்பை சர் ஜான் மார்ஷல் உலகிற்கு அறிவித்தது 1924-இல். அதற்கு முன் வெளிவந்த வெல்ஸ் நூலின் முதற்பதிப்பில் அது இடம்பெற வாய்ப்பில்லை. நேரு தம் மடல்களுள் பலவற்றை எழுதியபின், 1932-இல் மொகஞ்சதாரோவுக்கெனக் காலத்தைத் தாண்டிப் பின்னோக்கிச் சென்று ஒரு தனி மடல் எழுதினார். வரிசை குலைந்தாலும் உண்மை குலையக் கூடாது என்னும் அந்த மனப்பாங்கே அவர் நூலின் சிறந்த பாடம்.

வில்லியம் மக்நீல் 1963-இல் ‘மேற்கின் எழுச்சி’ என்னும் பெருநூலை வெளியிட்டவர். 1990-இல் அந்நூலை மறுபடியும் ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், கி.பி. 1000 முதல் 1500 வரையில் சீனம் வகித்த முதன்மையைத் தாம் போதிய அளவு காணவில்லை என்று தெளிவுபடுத்தினார். கோம்பிரிக்கும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் சேர்த்த இறுதி அதிகாரத்தில், முதல் உலகப் போரின் முடிவைப் பற்றித் தாம் முன்பு எழுதியதைத் திருத்தினார். படிப்பவர் சிறுவரே ஆயினும் அவர்க்கு உண்மை உரியது என்று அவர் கருதினார்.

நம் கடமை

இவ்விடத்தில் நம் சங்கங்களும் குடும்பங்களும் எண்ண வேண்டியது ஒன்று உண்டு. உலக வரலாற்று நூல்களில் நம் பங்கு விடுபட்டிருப்பதைக் கண்டு வருந்துவது இயல்பு. அவ்விடுபாட்டை நிரப்ப மேடைகளில் சிலர் மிகையை நாடுகின்றனர். சான்று இல்லாத இலட்சக்கணக்கான ஆண்டுகளைத் தமிழினத்திற்குச் சூட்டுகின்றனர். விடுபாட்டுக்கு மிகை மருந்தாகாது. பள்ளியில் ஆசிரியர் சான்று கேட்கும் நாளில் அப்பிள்ளை விடையின்றி நிற்கும். பின்னர் மெய்யான பெருமையையும் அது ஐயுறத் தொடங்கும்.

தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் கிடைத்த சான்றுகளின் அடிப்படையில், இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குச் செல்கிறது என்று அது கூறுகிறது. இஃது உலக வரலாற்றின் ஓர் அதிகாரத்தையே மாற்றி எழுதத் தக்க செய்தி. அதனாலேயே பல நாட்டு அறிஞரும் ஆய்ந்து, பிற இடச் சான்றுகளோடு ஒப்பிட்டு உறுதிசெய்ய வேண்டிய செய்தியும் ஆகும். மொகஞ்சதாரோவை வரலாறு ஏற்றுக்கொண்டதும் பில்ட்டவுனை விலக்கியதும் ஒரே வகைச் சோதனையால்தான். நம் சான்றுகளும் அச்சோதனையில் நின்று வெல்லட்டும் என்று விரும்புவதே தற்பெருமையினும் மேலான தமிழுணர்வு.

இனி, நடைமுறையில் செய்யத் தக்கவை சில. உலக வரலாறு ஒன்றே ஒன்று போதும் என்று எண்ணாமல், மாறுபட்ட நோக்குடைய இரண்டினை வாங்குக. வெல்ஸைப் படிக்கும் பிள்ளை நேருவையும் படிக்கட்டும். ஹராரியைப் படிக்கும் பிள்ளை டயமண்டையும் படிக்கட்டும். இரண்டும் ஒரே நிகழ்ச்சியை எவ்வாறு கூறுகின்றன என்று உணவு வேளையில் வினவுக. இந்நூல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது, அதன்பின் கண்டறியப்பட்டவை யாவை, ஆசிரியர் இதனை எவ்வாறு அறிந்தார், எவர்க்கு அதிகப் பக்கம் கொடுத்தார் என்னும் நான்கு வினாக்களைப் பழக்கமாக்குக. சங்க நூலகங்கள், இத்தகைய நூல்களின் அருகிலேயே தென்னக வரலாறும் இந்துமாக்கடல் வரலாறும் கூறும் ஆய்வு நூல்களை வைக்கலாம். அடுத்துப் படிக்க வேண்டியது எது என்று பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

ஒரு நூலில் உலகம் அடங்காது. ஆயினும் உலகை நோக்கி நடக்கத் தொடங்கும் துணிவை ஒரு நூல் தர முடியும். அத்துணிவைத் தரும் நூல்களை வரவேற்போம்; அவை விட்டுச் சென்ற இடங்களைச் சான்றுகளோடு நிரப்பும் பொறுப்பை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.